பேச்சுக் கொடுக்க மனப்பாடம் உதவாது

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத எனக்குச் சிரமமில்லை. அண்மையில், பல நாட்டவர் உள்ள ஒரு குழுவுக்கு மாற்றப்பட்டேன். முதல் காணொளிக் கூட்டத்துக்காக ஒன்பது வாக்கியங்களில் ஓர் அறிமுகத்தை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒருவர் சிரித்தபடி குறுக்கிட்டு, 'வாட் காட் யூ இன்டு அக்கவுண்டிங்?' என்று கேட்டார். கேள்வி எனக்குப் பிடிபடவில்லை. 'யெஸ்' என்று மட்டும் சொன்னேன். மறந்துபோன நான்காவது வாக்கியம் அதன்பின் நினைவுக்கு வரவேயில்லை. இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் ஐந்து நிமிடம் அரட்டை அடிக்கிறார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அறிமுகத்தை எப்படித் திருத்துவது? அரட்டைக்கு என்னென்ன வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்? என் ஆங்கிலம் சுமார்தான் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அறிமுகம் தோற்றுப்போனதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்துவரும் எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. மூன்று வாக்கியம் முடிவதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் உங்களைப் பற்றி மேலும் அறிய விரும்பிக் குறுக்கே கேள்வி கேட்டிருக்கிறார் என்றால், அறிமுகம் செய்ய வேண்டிய வேலையை அது அந்த நொடியிலேயே செய்து முடித்துவிட்டது. எஞ்சிய ஆறு வாக்கியங்களுக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் சறுக்கியது அதற்கு அடுத்த இடத்தில், அதாவது கேள்வியைக் காதில் வாங்கிய இடத்தில். ஆகவே எதைச் சொல்வது என்பதைவிட எதைக் கேட்கப் போகிறோம் என்பதைப் பற்றியே இந்தப் பதிலில் அதிகம் எழுதப் போகிறேன்.

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் ஒன்று உண்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட அதை உலகின் பல பகுதிகளில் மொழி ஆசிரியர்கள் பயன்படுத்துகிறோம். தன்னை அறிமுகம் செய்துகொள்வது அதில் மிகக் கீழ்ப்படியான ஏ1இலேயே இடம்பெற்றுவிடுகிறது. அடுத்த படியான ஏ2இல் உள்ளவரைப் பற்றி அது சொல்வது கவனிக்கத்தக்கது: மிகச் சுருக்கமான நட்புரையாடல்களை அவரால் சமாளிக்க முடியும், ஆனால் உரையாடலைத் தாமே நடத்திச் செல்லும் அளவுக்கு வழக்கமாக அவரால் புரிந்துகொள்ள இயலாது. பேச இயலாது என்று அது சொல்லவில்லை. புரிந்துகொள்ள இயலாது என்றே சொல்கிறது. மின்னஞ்சலில் தடையின்றி எழுதும் நீங்கள் எழுத்தில் இந்தப் படியை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். செவி மட்டும் கீழே நின்றுவிட்டது. படித்தே ஆங்கிலம் கற்றவர்கள் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

முதலில் அறிமுகத்தை முடித்துவிடுவோம். உங்கள் ஒன்பது வாக்கியங்களை நீங்கள் அனுப்பவில்லை என்றாலும், முதல் வாக்கியம் 'மைசெல்ஃப்' என்று தொடங்கியிருக்குமானால் அதை உடனே நீக்கிவிடுங்கள். இந்தப் பிழை வருவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தமிழில் 'நான் ஆனந்தி' என்றால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அங்கே வினைச்சொல் தேவையில்லை. அதே அச்சில் ஆங்கிலச் சொற்களை வார்க்கும்போது, வினையில்லாமல் நிற்கக்கூடியது போலத் தோன்றும் 'மைசெல்ஃப்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இப்படி எழுவாயாக நிற்காது; 'ஆம்' என்ற வினையை விடவும் முடியாது. 'ஹலோ, ஐம் ஆனந்தி' என்பதே போதும்.

ஆனால் இந்த மூன்று சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் மெய்யில் முடியும் சொல், உயிரில் தொடங்கும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நமக்கு இது புதிதன்று, உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவதுதான். 'ஐம்', 'ஆனந்தி' இரண்டையும் வேகமாகச் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் காதில் 'ஐ மானந்தி' என்று விழும். என்னிடம் பயின்ற ஒருவரை அவருடைய அலுவலகத்தில் சில வாரங்கள் 'மானந்தி' என்றே அழைத்துவந்தார்கள். திருத்தக் கூச்சப்பட்டு அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர் உங்களுக்கு மிகப் பழகியது, எனவே அதைத்தான் எல்லாவற்றையும்விட வேகமாகச் சொல்வீர்கள். எதிரில் இருப்பவருக்கோ அந்த வாக்கியத்தில் முற்றிலும் புதிய சொல் அது ஒன்றுதான். பெயருக்கு முன்னால் அரை நொடி நிறுத்துங்கள், பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தி முடியுங்கள். இதை வீட்டில் முப்பது முறை சொல்லிப் பார்ப்பது, ஒன்பது வாக்கியங்களை உருப்போடுவதைவிடப் பயன்தரும்.

பெயருக்குப் பிறகு ஒரு வாக்கியம் உங்கள் வேலையைச் சொல்லட்டும். இன்னொரு வாக்கியம், எதிரில் இருப்பவர் பற்றிக்கொள்வதற்கு ஒரு பிடியைத் தரட்டும். 'ஐ வொர்க் இன் அக்கவுண்ட்ஸ்' என்பது தகவல்; அதைக் கேட்டவர் தலையாட்டலாம், அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியாது. 'ஐம் தி பர்ஸன் ஹூ சேஸஸ் யூ ஃபார் ரிஸீட்ஸ்', அதாவது ரசீதைக் கேட்டு உங்களைத் துரத்துகிற ஆள் நான்தான், என்று ஒரு வரி சேர்த்தால் கேட்பவர் சிரிப்பார், தான் கொடுக்காமல் விட்ட ரசீதை நினைத்துக்கொள்வார், ஏதாவது ஒன்று சொல்வார். அவ்வளவோடு நீங்கள் நிறுத்திவிட வேண்டும். படிப்பு, பட்டம், முந்தைய பணிகள், பொழுதுபோக்கு என்று அடுக்கிக்கொண்டே போவது நேர்முகத் தேர்வுக்கு உரியது. கூட்டத்தில் அது கேட்பவரின் முறையை நீங்கள் எடுத்துக்கொள்வதாகிவிடும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் இங்கே திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தின் முதல் வரியில் 'ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் 'ஆக' என்ற உருபும் நிகழ்காலமும் சேர்ந்து, கடந்த காலத்தில் தொடங்கி இன்றும் தொடர்வதை அழகாகச் சொல்லிவிடுகின்றன. இதையே ஆங்கிலத்தில் நிகழ்காலத்திலேயே வைத்து 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் நைன் இயர்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் இங்கே வேறு வினைவடிவத்தைக் கேட்கிறது: 'ஐவ் பீன் ஹியர் ஃபார் நைன் இயர்ஸ்'. கால அளவைச் சொன்னால் 'ஃபார்', தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ்'. எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்பது எந்த அறிமுகத்திலும் வரக்கூடிய கேள்வியாதலால், இந்த ஒரு வாக்கியத்தை நாக்கு தானாகச் சொல்லும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். மற்றப் பிழைகளை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இனி, உங்களைத் திணறடித்த அந்தக் கேள்வி. 'வாட்', 'காட்', 'யூ', 'இன்டு' ஆகிய நான்கும் நீங்கள் பள்ளியிலேயே படித்த சொற்கள். அவை ஒன்றாக வரும்போது 'இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்' என்ற பொருளைத் தருகின்றன என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் ஒலி. பேசுகிறவர் அவற்றைத் தனித்தனியாகச் சொல்லியிருக்கமாட்டார். 'வாட்காச்சூ இன்டு' என்பது போல ஒரே மூச்சில் உருட்டியிருப்பார். 'வாட் டூ யூ டூ?' என்பதும் இப்படித்தான் 'வாட்யடூ' என்று விழும். அந்தக் கேள்விக்கு 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்று பொருள் கொண்டு, 'ஐம் டாக்கிங் டு யூ' என்று வெகு சரியான இலக்கணத்தில் பதில் சொன்ன மாணவர்கள் என் வகுப்பில் உண்டு. கேட்டது தொழிலைப் பற்றி.

ஆகவே நீங்கள் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்றால், உங்கள் பதில்களை விட்டுவிட்டு மற்றவர்களின் கேள்விகளை மனப்பாடம் செய்யுங்கள். புதிதாக வந்தவரிடம் கேட்கப்படும் கேள்விகள் ஒரு கை விரல்களைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்: என்ன வேலை, எங்கிருந்து பேசுகிறீர்கள், எவ்வளவு காலமாக இங்கே, எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள், வார இறுதி எப்படிப் போயிற்று, இந்த வாரம் வேலை அதிகமா. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வடிவங்களில் வரும். உங்கள் கூட்டங்களைப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் இருந்தால், தொடக்கத்தில் உள்ள அந்த ஐந்து நிமிடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்டு, கேள்விகளை மட்டும் அவை ஒலித்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் சரியா என்று பார்க்க வேண்டாம், காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படியே எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் அந்தக் குழுவினர் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி புரிந்த பின்னும் பதில் உடனே வராது. அதற்கும் காரணம் உண்டு. டானியா ஸ்டைவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை ஒப்பிட்டார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி வினாடிகளே இருந்தன. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே, தாய்மொழியில்கூட, ஏறத்தாழ 600 மில்லி வினாடிகள் ஆகும். எனவே மனிதர்கள் எதிராளி பேசி முடிக்கும் முன்பே தங்கள் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது தெளிவு. கற்றுக்கொள்பவரால் இது முடியாது. அவருடைய கவனம் முழுவதும் கேட்பதிலேயே செலவாகிவிடுவதால், கேள்வி முடிந்த பிறகுதான் அவர் பதிலைத் தேடத் தொடங்குகிறார். உங்களுக்கு யுகமாகத் தோன்றிய அந்த மௌனம் உண்மையில் இரண்டு நொடியாக இருந்திருக்கலாம்.

அந்த இரண்டு நொடியை வெறுமையாக விடக் கூடாது, அவ்வளவுதான். நாம் தமிழில் 'அதாவது...', 'எப்படிச் சொல்றது...' என்று இழுப்பதில்லையா? ஆங்கிலத்திலும் 'வெல்...', 'ஓ, லெட் மி திங்க்', 'குட் கொஸ்டின்' என்பவை இருக்கின்றன. கேள்வியின் வாலைத் திருப்பிச் சொல்வது இன்னும் நல்லது: 'வாட் காட் மி இன்டு அக்கவுண்டிங்? வெல்...' இப்படிச் சொல்லும்போது உங்களுக்கு நேரமும் கிடைக்கிறது, கேள்வியைச் சரியாக வாங்கிக்கொண்டீர்களா என்பதும் உறுதியாகிவிடுகிறது. தவறாக வாங்கியிருந்தால் அவரே திருத்திவிடுவார். புரியவே இல்லையா? 'ஸாரி, வாட் வாஸ் தட்?' என்று இயல்பாகக் கேளுங்கள். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களும் காணொளிக் கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். புரியாதபோது செய்யவே கூடாதது, நீங்கள் செய்ததுதான்: 'யெஸ்' என்பது. அது பாதுகாப்பான சொல் அன்று. 'யூ டிடன்ட் கெட் தி ஃபைல், டிட் யூ?' என்று ஒருவர் கேட்டால், நாம் தமிழ்ப் பழக்கத்தில் 'ஆமாம், வரவில்லை' என்ற பொருளில் 'யெஸ்' என்போம். அவரோ கோப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் வராததற்கு 'நோ, ஐ டிடன்ட்' என்பதே பதில்.

இப்போது அந்த ஐந்து நிமிட அரட்டைக்கு வருகிறேன். ப்ரானிஸ்லா மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இல் வெளியான கட்டுரை ஒன்றில், தகவலைப் பரிமாறுவதற்காக அல்லாமல், சேர்ந்திருப்பதற்காகவே மனிதர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுக்குத் தனியே ஒரு பெயர் கொடுத்தார். நமக்கு அந்தப் பெயர் தேவையில்லை; 'பேச்சுக் கொடுப்பது' என்று நாம் சொல்வது அதைத்தான். எதிர்ப்படுபவரிடம் 'என்ன, இந்தப் பக்கம்?' என்று கேட்கிறோம். அவர் முழுக் காரணத்தையும் விளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை, 'சும்மா, இப்படித்தான்' என்றாலே போதும். தொலைபேசியில் பேச ஒன்றும் இல்லாதபோது 'அப்புறம்?' என்கிறோம், அந்தப் பக்கத்திலிருந்து 'அப்புறம், நீதான் சொல்லணும்' என்று வருகிறது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டார்கள். இந்தக் கலையில் நீங்கள் தேர்ந்தவர். ஆங்கிலம் என்றவுடன் மட்டும், சொல்வதற்கு உருப்படியாக ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

'லவ்லி டே, இஸன்ட் இட்?' என்று ஒருவர் சொன்னால் அவர் வானிலைத் தகவல் கேட்கவில்லை. வாக்கியத்தின் கடைசியில் குரல் ஏறாமல் இறங்குவதைக் கவனித்தால் அது கேள்வியே அன்று என்பது தெரியும். ஒத்துக்கொண்டு, அதோடு ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும்: 'யெஸ், இட் இஸ். ஃபைனலி!' இதேபோல, போகிற போக்கில் சொல்லப்படும் 'ஹவ் ஆர் யூ?' என்பதற்கு உடல்நிலை அறிக்கை தேவையில்லை; 'குட், தேங்க்ஸ். அண்ட் யூ?' என்பதே முறை.

அரட்டையில் நீங்கள் தலைப்பைத் தேட வேண்டியதில்லை என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தலைப்பை மற்றவர்கள் கொண்டுவருவார்கள். நீங்கள் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'வி வென்ட் கேம்பிங் வித் தி கிட்ஸ்' என்கிறார். நீங்கள் குரலை உயர்த்தி 'கேம்பிங்?' என்றால் போதும், அவர் மேலும் நான்கு வாக்கியம் பேசுவார். அந்த நான்கில் மூன்று புரியாவிட்டாலும், புரிந்த ஒன்றிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள்: 'டிட் தி கிட்ஸ் லைக் இட்?' ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, சொன்னதிலிருந்தே கிளைத்துத் தொடர் கேள்வி கேட்பவர்களை எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று கண்டது. மொழி கற்பவருக்கு இதில் இரட்டை ஆதாயம்: அவர் பேசும்போது உங்களுக்கு ஓய்வு, அடுத்த வாக்கியத்துக்கு வேண்டிய சொற்களையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஓர் எச்சரிக்கை மட்டும்: 'நைஸ்!' என்பதை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளாதீர்கள். மழையில் கூடாரம் இடிந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது வந்து விழுந்தால் சங்கடம். சொற்கள் புரியாவிட்டாலும் குரலும் முகமும் புரியும்; 'ஓ நோ' என்பதா, 'நைஸ்' என்பதா என்று முடிவு செய்ய அவை போதும். சம்பளம், வயது, திருமணம், மதம், நோய் ஆகியவற்றை அவர்களாக எடுக்கும் வரை நீங்கள் தொட வேண்டாம்.

இருவராகப் பேசும்போது பேச்சை முடிப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 'வரட்டுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் நாம் கிளம்புகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'எனிவே...' அல்லது 'வெல், ஐ'ல் லெட் யூ கோ' என்பது செய்கிறது. முதன்முறை சந்தித்தவரிடம் விடைபெறும்போது 'நைஸ் மீட்டிங் யூ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை முதல் 'மீட்டிங்' போய் 'ஸீயிங்' வந்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. 'மை இங்கிலீஷ் இஸ் நாட் குட்' என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் 'இல்லையில்லை, நன்றாகத்தான் பேசுகிறீர்கள்' என்று உபசாரம் சொல்லியாக வேண்டும். அதன்பின் பேச்சு உங்களைவிட்டு உங்கள் ஆங்கிலத்தைப் பற்றியதாகிவிடும். வேகம்தான் சிக்கல் என்றால் அதை மட்டும் கேளுங்கள்: 'குட் யூ ஸ்லோ டவுன் அ லிட்டில்?' மற்றபடி, அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ என்ற உங்கள் கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். எரிக்கா பூத்பியும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை சந்தித்துப் பேசிய அந்நியர்களிடம் தனித்தனியே கேட்டபோது, மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருக்கும் என்பதை அவர்கள் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பது தெரியவந்தது. மொழித் தடை உள்ளவர்களை மட்டும் வைத்துக் கண்டதன்று இது.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே உள்ளே நுழையுங்கள். பத்துப் பேர் பேசும் அரட்டையில் இடம் பிடிப்பது கடினம். ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும்போது பேச்சு உங்களிடம் தானாக வரும். மைக்கை அணைக்காதீர்கள், ஏனெனில் அதைத் தேடி அழுத்துவதற்குள் உங்கள் முறை போய்விடும். அன்று உங்களிடம் கேள்வி கேட்டவர் முதலில் வந்திருந்தால், விட்டுப்போன பதிலை இப்போது கொடுக்கலாம்: 'யூ ஆஸ்க்ட் மி வாட் காட் மி இன்டு அக்கவுண்டிங். ஐ நெவர் ஆன்ஸர்ட் யூ.' பிறகு உண்மைக் காரணம், ஒரே வாக்கியத்தில். பள்ளியில் கணக்கு பிடித்திருந்தது என்றால் 'ஐ லைக்ட் நம்பர்ஸ் அட் ஸ்கூல், அண்ட் ஐ நெவர் ஸ்டாப்ட்.' அதை முடித்தவுடன் அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால் அவர் எந்தத் துறைக்காரர் என்பதை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.